வங்கி வீட்டில் வெறுங்கால்

போன மாதம் நம் ரியல் எஸ்டேட் ஆபீஸில் லைசன்ஸ் வாங்கிப் புதிதாகச் சேர்ந்த பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "ஆன்ட்டி, வங்கி எடுத்துக்கிட்ட காலி வீட்டுக்குள்ள போறப்ப ஷூவைக் கழட்டணுமா, வேண்டாமா? வாசல்லயே நின்னு யோசிச்சிட்டிருந்தேன்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கூப்பிட்டு, டீயும் சமோசாவும் கொடுத்து, புதியவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று உட்கார வைக்கிறீர்கள். இதுவரை யாரும் இப்படி ஒரு நல்ல கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கு நேரமாகிவிட்டதால் "கழட்டாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பாதிப் பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. எண்ணெய் விலை விழுந்து, ஹூஸ்டனே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் கேட்டியில் அப்போது பாதி நெல்வயல், பாதி புது வீடு. அந்தப் புது வீடுகளில் இருந்தவர்களில் பலர் எண்ணெய் கம்பெனி ஆட்கள். வேலை போனதும் வீட்டுத் தவணை கட்ட முடியாமல், சாவியை மெயில் பாக்ஸில் போட்டுவிட்டு, வாடகை ட்ரக்கில் சாமானை ஏற்றிக்கொண்டு வேறு மாநிலத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். வீடுகள் வங்கிகளின் கைக்கு வந்தன. ஃபோர்குளோஷர் என்று நீங்கள் இப்போது சாதாரணமாகச் சொல்கிறீர்கள். நாங்கள் அந்த வார்த்தையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம், பெரிய வியாதியின் பெயரைச் சொல்வது போல.

எங்கள் வீட்டிலும் அடி விழுந்திருந்தது. என் கணவர் எண்ணெய்க் குழாய்களுக்கு டிசைன் போடுகிற என்ஜினியர். அவருடைய கம்பெனியில் அவர் இருந்த மாடியையே காலி செய்து, விளக்கை அணைத்து, பூட்டிவிட்டார்கள். இங்கே எங்கு தேடியும் வேலை கிடைக்கவில்லை. சவுதியில் கிடைத்தது. ஆனால் குடும்பத்தை அழைத்துப் போக முடியாத வேலை. நானும் ஆறு வயது மகளும் இங்கே, அவர் அங்கே பாலைவனத்தில், இரண்டு வருடம் இருக்க வேண்டும். கிளம்பத் தயார் என்றால் பெட்டி தயாராக இருக்க வேண்டாமா என்று நீல நிறத்தில் ஒரு பெரிய பெட்டி வாங்கிப் படுக்கையறையில் வைத்திருந்தார். காலையில் எழுந்தால் கண்ணில் படுவது அதுதான். எனக்கு அதை எட்டி உதைக்க வேண்டும் போல இருக்கும். ஒரு நாள் உதைத்தும் விட்டேன். கால்தான் வலித்தது.

நான் ரியல் எஸ்டேட் லைசன்ஸ் வாங்கியிருந்தேன். ஆனால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற கோயில் பாட்லக்கில் பழக்கமான சில தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததோடு சரி. வேலையே இல்லாத ஊரில் யார் புதிதாக வீடு வாங்குவார்கள்? விற்பதற்கு இருந்த வீடுகளோ வங்கிகளிடம் குவிந்து கிடந்தன. அந்த வீடுகளை விற்கிற வேலை என் கைக்கு வந்தால் இவர் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் நீலப் பெட்டி விமானம் ஏறிவிடும். எங்கள் நிலைமை அவ்வளவுதான்.

எங்கள் ஆபீஸ் முதலாளியம்மாவிடம் போய் நின்றேன். டெக்சாஸ்காரி. தலைமுடியைக் கோபுரமாக உயர்த்தி ஸ்பிரே அடித்திருப்பார். புயல் அடித்தாலும் ஒரு முடி அசையாது. அமெரிக்கர்கள் பேசியதை எல்லாம் நம் தமிழிலேயே சொல்கிறேன், டெக்சாஸ் இழுவையை நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

"வசந்தா, வங்கிக்காரனுக்கு வீடு விக்கிற ஆள் பஞ்சம் இல்ல. ஊர் முழுக்க அந்த ஆளுங்கதான். அவன் மேசைக்குப் புதுசா ஒரு தலைவலியைக் கொண்டுவராத ஆள்தான் அவனுக்கு வேணும். எதையும் கேக்காதே. முடிச்சிட்டுப் போய்ச் சொல்லு," என்றார்.

இதைவிட நல்ல புத்தி எனக்கு இந்தத் தொழிலில் யாரும் சொன்னதில்லை. அதை நான் ஒரே ஒரு தடவை மீறியதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தப் புத்தியின்படி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வங்கி ஒன்றில் இந்த வீடுகளைக் கவனித்தவர் ஆறடிக்கு மேல் உயரம், கௌபாய் பூட்ஸ், கலகலவென்று ஒரு சிரிப்பு. அவர் மேசையில் ஒரு பெரிய சாலட் பாத்திரம் நிறையச் சாவிகள் கிடந்தன. எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று அவருக்கே தெரியாது. நான் எனக்கு வீடு கொடுங்கள் என்று கேட்கவில்லை. "இந்தப் பாத்திரத்தைக் கொஞ்ச நாள் எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த அம்மாவுக்குச் சாலட் பாத்திரம் என்றால் பிடிக்கும் போல என்ற சந்தேகம் தெரிந்தது. நானும் என் கணவரும் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்து, எந்த வீட்டுச் சாவி என்று அட்டையில் எழுதி, ரிப்பன் கட்டிக் கொண்டுபோய் வைத்தோம். எங்கள் மகளின் தலைக்கு ரிப்பனே மிச்சமில்லாமல் போய், அவள் ஒரு வாரம் ரப்பர் பேண்டோடு ஸ்கூலுக்குப் போனாள்.

வங்கிக்காரருக்கு அது பிடித்துவிட்டது. அப்புறம்தான் சொன்னார்: ஒரே குடியிருப்பில் இருக்கிற வங்கி வீடுகள் எல்லாவற்றையும் ஒரே ஏஜென்டிடம் கொடுக்கப் போகிறார்களாம். அவர் மனதில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். பஸ் ஸ்டாப் பெஞ்சுகளில் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு விளம்பரப் படத்தில் இருப்பாரே, அந்த மாதிரி ஒரு பெரிய ஏஜென்ட். நாங்கள் வீட்டில் அவருக்குப் பெஞ்சுக்காரர் என்று பெயர் வைத்திருந்தோம். வங்கிக்காரர் எனக்கும் அந்தப் பெஞ்சுக்காரருக்கும் அந்தக் குடியிருப்பில் ஆளுக்கு ஒரு வீட்டைக் கொடுத்தார். "விக்கிற மாதிரி தயார் பண்ணுங்க. வியாழக்கிழமை வந்து ரெண்டையும் பாக்கறேன். எது நல்லா இருக்கோ அவங்களுக்கு மத்த எல்லாம்," என்றார். சவுதி வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சியிலிருந்து ஃபோன் வருவது மறுநாள், வெள்ளிக்கிழமை காலை. போகிறேனா இல்லையா என்று இவர் அதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு முதல் பாதி. வங்கி வீட்டுக்குள் முதல் முறை போகும்போது கழற்றாதே. தடித்த ஷூ போட்டுக்கொண்டு போ, முந்தின நாளே டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள். கோபத்தோடு வீட்டை விட்டுப் போனவர்கள் கண்ணாடியை உடைத்திருப்பார்கள், கார்ப்பெட்டைப் பிய்த்து ஆணியை நிமிர்த்தி விட்டுப் போயிருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த வீட்டில் இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். எதையும் உடைக்கவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜை நிறைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கரண்ட் கட் ஆகி, ஹூஸ்டன் வெயிலில் அது ஒரு கோடைக்காலம் முழுக்க மூடியே இருந்திருக்கிறது.

"ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூடாது. டேப் சுத்தி அப்படியே தூக்கிப் போட்டுடணும்," என்று முதலாளியம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நானும் இவரிடம் சொன்னேன்.

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படித் தூக்கறது? வெயிட் எவ்வளவுன்னு ஒரு எஸ்டிமேட் வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே திறந்தார் என் என்ஜினியர். நான் தெருக்கோடிவரை ஓடிப்போய்த்தான் நின்றேன். பக்கத்து வீட்டு நாய் எனக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றிருந்தது. அதற்கப்புறம் இவர் என் பேச்சைத் தட்டியதே இல்லை, குறைந்தபட்சம் ஃப்ரிட்ஜ் விஷயத்தில்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். குப்பையை அள்ளினோம், பூட்டை மாற்றினோம், பெயின்ட் அடித்தோம், முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த புல்லை வெட்டினோம். திங்கட்கிழமை கரண்ட் கொடுத்து, தண்ணீரையும் கேஸையும் திறந்துவிட்டார்கள், வாட்டர் ஹீட்டரும் வேலை செய்தது. புதன்கிழமை வீடு முழுக்கப் புதுக் கார்ப்பெட் போட்டார்கள். வங்கி வாங்கித் தருகிற கார்ப்பெட் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, பார்க்க அழகாக, தொட்டால் மெல்லிசாக. பல்பின் மேல் ஒரு சொட்டு வனிலா எசன்ஸ் விட்டால் வீடு கமகமவென்று இருக்கும் என்பது முதலாளியம்மாவின் இன்னொரு பாடம். இவர் ஒவ்வொரு பல்புக்கும் தாராளமாக விட்டார். ஐஸ்க்ரீம் கடைக்குள் குடிபுகுந்த மாதிரி இருந்தது. ஆனால் வீடு? அப்படி ஒரு வீட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வியாழன் காலை வாசலில் நின்று ஒரு தடவை முழுசாகப் பார்த்தேன். இது ஜெயித்துவிடும் என்று நம்பினேன்.

வங்கிக்காரர் வர ஒரு மணி நேரம் இருந்தது. கடைசியாக ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன். அதுவரை ஷூவோடுதான் அந்த வீட்டில் நடந்திருக்கிறேன். ஆனால் புதுக் கார்ப்பெட் மேல் செருப்புக் காலை வைக்க எனக்கு மனசு வரவில்லை. நமக்கு அது வராது. யார் வீடாக இருந்தால் என்ன, வங்கி வீடாகவே இருந்தால்தான் என்ன! வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன்.

ஹாலைத் தாண்டி, பெட்ரூம்களுக்குப் போகிற நடையில் கால் வைத்தேன். சூடாக இருந்தது.

வெயில் படுகிறது போல என்று நினைத்தேன். அந்த நடையில் ஜன்னலே கிடையாது. நாலு எட்டு பின்னால் போய்த் திரும்ப வந்தேன். மற்ற இடமெல்லாம் ஏசியில் ஜில்லென்று இருந்தது. அந்த ஒரு இடம் மட்டும், யாரோ இவ்வளவு நேரம் படுத்திருந்து இப்போதுதான் எழுந்து போன மாதிரி, கதகதவென்று இருந்தது.

"என்னங்க, இங்க வாங்களேன். ஷூவைக் கழட்டிட்டு வாங்க."

இவர் வந்து நின்றார். முகம் மாறியது. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எழுந்து போய், எல்லாக் குழாயும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தெரு ஓரத்தில் தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்தார். குழாய்கள் மூடியிருந்தும் மீட்டர் முள் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஸ்லாபுக்கு அடியில ஹாட் வாட்டர் லைன் லீக் ஆகுது," என்றார். நம் ஊரைப் போல இங்கே அஸ்திவாரம் கிடையாது. வீடு மொத்தமும் ஒரே கான்கிரீட் பலகை மேல் நிற்கிறது, அதுதான் ஸ்லாப். அதற்கு அடியில் குழாய் ஓடுகிறது. "இந்த மண்ணு களிமண்ணு. வீட்டைச் சுத்தித் தண்ணியே விடாம ஒரு சம்மர் காயவிட்டா மண்ணு சுருங்கிடும். கான்கிரீட் அசையும், குழாய் விட்டுடும். சரி பண்ணணும்னா இந்தக் கார்ப்பெட்டைப் பிச்சு, தரையை உடைக்கணும்."

நேற்றுத்தான் போட்ட கார்ப்பெட். எனக்கு அழுகை வந்தது. இப்போது போல கையில் ஃபோன் இல்லை, அந்த வீட்டு ஃபோனையும் வெட்டியிருந்தார்கள். முதலாளியம்மாவிடம் கேட்க வழியில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்பது கேட்காமலேயே காதில் ஒலித்தது: அவன் மேசைக்குத் தலைவலியைக் கொண்டுபோகாதே.

இவர் மெதுவாகச் சொன்னார். "மெயின் வால்வை மூடிட்டா, அவர் வர்றதுக்குள்ள தரை ஆறிடும்."

மூடட்டுமா என்றும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. உடனேயே பாவமாகவும் இருந்தது. அந்தத் தரை ஆறினால் அவர் வீட்டில் இருக்கலாம். ஆறாவிட்டால் அவர் சவுதியில். அதை வாயால் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. வங்கிக்காரர் எப்படியும் கௌபாய் பூட்ஸோடுதான் வருவார். தரை கொதித்தாலும் அவருக்குத் தெரியாது.

நான் பெரிய சத்தியவந்தி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அப்போது தோன்றியது வேறு. இந்த வீட்டை நான் யாருக்கு விற்கப் போகிறேன்? நம் ஆட்களுக்குத்தான். அவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார்கள். நான் வாயைத் திறந்து கிச்சனைப் புகழ்வதற்குள் அந்தக் குடும்பத்து மாமி இந்த நடையில் வந்து நின்று, "ஏம்மா, இங்க மட்டும் ஏன் சுடறது?" என்று கேட்டுவிடுவார். அந்த மாமிக்கு என்ன பதில் சொல்வேன்? மாமிகளை ஏமாற்ற முடியாது. வங்கிக்காரர்களைக்கூட ஏமாற்றிவிடலாம்.

"வால்வை மூடாதீங்க. நல்லா சுடட்டும்," என்றேன். இவர் என்னை ஒரு கணம் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

வங்கிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கால் மிதியடியில் பூட்ஸைத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தவர், ஆஹா ஆஹா என்று பார்த்துக்கொண்டே நடந்தார். பெயின்டைப் பாராட்டினார். வனிலா வாசனையை மூக்கை விரித்து முகர்ந்தார். இந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடலாமே என்று என் நாக்கு என்னிடம் கெஞ்சியது. நடைக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிப்பு நின்றது. "கார்ப்பெட் போட்டு முடிச்ச மறுநாள், அதைக் கிழிக்கணும்னு சொல்றீங்க. இந்த ஊர்ல ரிப்பேர் பண்ற ஒவ்வொருத்தனும் என்கிட்ட இதைத்தான் சொல்றான். பாத்தா நல்லாத்தானே இருக்கு?"

இவர் முன்னால் வந்தார். "நான் என்ஜினியர். மீட்டரைக் காட்டறேன், வாங்க. முள் சுத்தறதை நீங்களே பாக்கலாம்."

"ஐயா," என்றார் வங்கிக்காரர், "என்ஜினியருங்க காட்டின மீட்டரைப் பாத்துட்டுத்தான் என் வங்கி வத்திப்போன எண்ணெய்க் கிணத்துக்கெல்லாம் கடன் கொடுத்துது."

வங்கிக்காரர் வாசல் பக்கம் திரும்பிவிட்டார். போகிறார், அவ்வளவுதான், நீலப் பெட்டி ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அவசரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன்.

"உங்க பூட்ஸைக் கழட்டுங்க."

"என்னது?"

"கழட்டிட்டு இந்த இடத்துல நில்லுங்க. அப்புறம் நான் பொய் சொல்றேன்னு நினைச்சீங்கன்னா, சாவியைக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

டெக்சாஸ்காரனிடம் பூட்ஸைக் கழற்று என்று சொல்வது, நம் ஊர் மிராசுதாரரிடம் மேல்துண்டை எடுங்கள் என்று சொல்கிற மாதிரி. அவர் என்னையே பார்த்தார். பிறகு போய் ஃபயர்ப்ளேஸின் செங்கல் மேடையில் உட்கார்ந்து இழுத்தார். வரவில்லை. வெயிலில் கால் வீங்கி பூட்ஸ் இறுகியிருந்தது. இவர் எதிரே குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஒன்று சட்டென்று கழன்று வந்தது. இவர் பூட்ஸை மார்போடு அணைத்தபடி புதுக் கார்ப்பெட்டில் மல்லாந்து விழுந்தார். இரண்டாவதற்கு நானும் இவர் இடுப்பைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்தால் வங்கிக்காரரின் சாக்ஸில் பெரிய ஓட்டை. கட்டைவிரல் வெளியே வந்து எங்களைப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் எழுந்து, அடிப்பிரதட்சணம் செய்கிற மாதிரி மெதுவாக நடந்து வந்தார். அந்த இடத்தில் நின்றார். ஒரு காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார், இந்தப் பக்கம் வைத்தார். ஓட்டை வழியாக வந்த கட்டைவிரலால் தரையை அழுத்திப் பார்த்தார்.

"அட ஆண்டவனே," என்றார். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "சுகமாத்தான் இருக்கு," என்றார். அப்போதுதான் மூன்று பேரும் சிரித்தோம்.

"இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க? நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேனே," என்று கேட்டார். நம் ஆட்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற பழக்கத்தைச் சொன்னேன். மாமியைப் பற்றியும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் வீடு உங்களுக்குத்தான் என்று சொல்லவில்லை. அடுத்து பெஞ்சுக்காரரின் வீட்டைப் பார்க்க வேண்டும், நேரமாகிவிட்டது என்றார். பூட்ஸ் திரும்பக் காலில் ஏறவில்லை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து முயன்றும் ஏறவில்லை. கடைசியில் இரண்டு பூட்ஸையும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, ஓட்டை சாக்ஸோடு தன் ட்ரக்கில் ஏறிப் போனார்.

அன்று சாயங்காலம் நீலப் பெட்டி கட்டிலின் மேல் திறந்து கிடந்தது. நான் சட்டைகளை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், இவர் அடுக்கினார். நாங்கள் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற எங்கள் மகள், ஒரு மாற்றத்துக்குத் தமிழிலேயே வந்து, "அப்பா, போகாதே," என்றாள். இவர் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடியும் அதையே மடித்துக்கொண்டிருந்தார். என்னால் அழுகையை அடக்க முடியாமல், கிச்சனில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஃபோன் அடித்தபோது சவுதி ஏஜென்சிதான் என்று நினைத்து இருவருமே எடுக்கத் தயங்கினோம். நான் எடுத்தேன். வங்கிக்காரர்.

"மேடம், நேத்து உங்க வீட்டுலேருந்து நேரா அந்த இன்னொரு வீட்டுக்குப் போனேன். பூட்ஸ் காலில ஏறலைன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. சாக்ஸோட உள்ள நுழைஞ்சேன். ஹால்ல நாலாவது எட்டு வெச்சப்ப சளக்குன்னுது."

"சளக்குன்னா?"

"ஈரம்! புதுக் கார்ப்பெட்டுக்கு அடியில குளம். அந்த ஏஜென்ட் பக்கத்துலயே பளபளன்னு ஷூ போட்டுக்கிட்டு நின்னு, வீட்டுல ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிக்கிட்டிருக்கார். என் சாக்ஸ் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு." ஃபோனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். பெஞ்சுக்காரர் பொய் சொல்லவில்லை, பாவம். அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஒரே குடியிருப்பு, ஒரே களிமண், ஒரே கோடைக்காலம். தண்ணீர் விடாமல் காய்ந்த வீடுகளில் எத்தனையில் குழாய் விட்டிருக்கிறதோ!

"எனக்கு எல்லா வீட்டுலயும் உங்க கால் நடக்கணும்," என்றார் வங்கிக்காரர். "எது சுடுது, எது சளக்குங்குதுன்னு சொல்லுங்க. சரி பண்ணி நீங்களே வித்துக் கொடுங்க. அந்த என்ஜினியரையும் கூட்டிக்கிட்டு வாங்க. குழாய் வேலையை அவர் பாத்துக்கட்டும். விழறதுல கெட்டிக்காரர்."

நான் ஃபோனை வைத்ததும் இவர் முகத்தைப் பார்த்தேன். அவரிடம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் முகத்திலேயே எல்லாம் இருந்திருக்கும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன், ஃபோன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை சவுதி ஏஜென்சி. இவரே எடுத்தார்.

"ரொம்ப தாங்க்ஸ், நான் வரலை. இங்கயே வேலை கிடைச்சிடுச்சு," என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார். "என்ன போஸ்ட்டுன்னு கேக்கறான். என்ன சொல்றது?"

"செருப்பைக் கழட்டற போஸ்ட்டுன்னு சொல்லுங்க," என்றேன்.

அப்படியே சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஆகவே, அம்மா, உன் கேள்விக்கு இரண்டாவது பாதி இது. முதல் நாள் தடித்த ஷூவோடு போ. எல்லா வேலையும் முடிந்து, வீடு பளபளவென்று ஆகி, இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்கிற அன்றைக்கு, வாசலில் கழற்றிவிட்டுத் தனியாக உள்ளே போ. ஒரு அறை விடாமல் நட. கால் ஏதாவது சொன்னால் அதை வாயால் சொல்லிவிடு, யார் முகம் எப்படிப் போனாலும் சரி. பிறகு, காலி வீட்டைச் சுற்றி மண்ணுக்குத் தண்ணீர் விட மறக்காதே. புல்லுக்காக அல்ல, குழாய்க்காக.

அந்த நீலப் பெட்டியில் இருந்த சட்டைகளை அன்றைக்கே இவர் வெளியே எடுத்துப் போட்டார். அதன்பிறகு பெட்டியில் பூட்டு, பல்பு, ஸ்குரூ டிரைவர், பெயின்ட் பிரஷ், ஒரு பாட்டில் வனிலா எசன்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, வீடு வீடாக என்னோடு வந்தார். இரண்டு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றுவோம். அவர் இடது பக்கம், நான் வலது பக்கம், நடுவில் சந்தித்துக்கொள்வோம். பெட்டி இன்னும் எங்கள் கராஜில் இருக்கிறது. ஒரு சக்கரம் இல்லை, பிடி ஆடுகிறது. அது சவுதியைப் பார்த்ததே இல்லை. கேட்டியில் அது பார்க்காத வீடு இல்லை.